கீழே இருப்பவர்களின் கணக்கு

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையாற்றில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. செய்தியில் இந்த எண்ணைக் கேட்டவர்களுக்கு அது பெரிது என்று தெரிந்திருக்கும். எவ்வளவு பெரிது என்று தெரிந்திருக்காது. ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 605 மில்லியன் கன அடி வருகிறது. விழுப்புரம் மாவட்டத்து வீடூர் அணையின் முழுக் கொள்ளளவும் அதே 605 மில்லியன் கன அடிதான். அந்த வேகத்தில் மணிக்கொரு வீடூர் அணை தென்பெண்ணையில் இறங்கிக்கொண்டிருந்தது.

செஞ்சி – திண்டிவனம் வட்டாரத்துக்காரர்களிடம் அணை என்று சொன்னால் இரண்டு பெயர்கள்தான் வாயில் வரும். ஒன்று, செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணியை மறித்து 1959இல் கட்டி முடிக்கப்பட்ட வீடூர். இன்னொன்று, 1958இல் காமராஜர் ஆட்சிக்காலத்தில் தென்பெண்ணையில் எழுந்த சாத்தனூர். பள்ளிச் சுற்றுலா, முதலைப் பண்ணை, பொரித்த மீன் என்றே அது பலருக்கும் நினைவிருக்கும். வீடூர் பாசனத்துக்கு மட்டுமான மண் அணை. சாத்தனூரில் 1999 முதல் 7.5 மெகாவாட் மின்நிலையம் ஒன்றும் ஓடுகிறது. நீர்மின் உலகத்தில் இது சிறிய அளவுதான் என்றாலும், அணையின் நீர்மட்டத்தில் அக்கறை உள்ள தரப்புகளோடு மின்வாரியமும் அந்த ஆண்டு சேர்ந்துகொண்டது.

அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த ஃபெஞ்சல் புயலின் மழை ஓய்ந்ததும் கிளம்பிய சண்டை எச்சரிக்கையைப் பற்றியது. முன்கூட்டிச் சொல்லாமல் நள்ளிரவில் திறந்துவிட்டார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. இந்த வாதத்துக்கு நடுவே ஒரு விஷயம் பேசப்படாமலே போனது. சாத்தனூர் அணைக்கு அன்று எதுவும் ஆகவில்லை. சுவர் விரிசல் விடவில்லை, ஷட்டர் பிய்த்துக்கொண்டு போகவில்லை. வந்த தண்ணீரை அணை ஒழுங்காகக் கீழே தள்ளியது. ஒழுங்காக வேலை செய்த அந்த அணைக்குக் கீழேதான் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை அரசூரில் துண்டிக்கப்பட்டது. திறந்து மூன்று மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அப்படியானால் ‘பாதுகாப்பான அணை’ என்று நாம் எதைச் சொல்கிறோம்?

அணைப் பொறியியலில் இதற்கு இரண்டு தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன. பத்திரிகைகளும், சில சமயம் அமைச்சர்களும், இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

முதலாவது, அணை எந்த நிலையில் இருக்கிறது என்பது. பருவமழைக்கு முன்பும் பின்பும் நடக்கும் ஆய்வுகளின் அடிப்படையில் இந்திய அணைகளை மூன்று பிரிவுகளாக வைக்கிறார்கள். கவனிக்காவிட்டால் உடைப்புக்கே கொண்டுபோய்விடக்கூடிய குறைகள் உள்ளவை முதல் பிரிவு. உடனே சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் உள்ளவை இரண்டாவது. சிறு குறைகள் மட்டுமே உள்ளவையும் குறையே இல்லாதவையும் மூன்றாவது. அணைக்கு எழுதப்படும் உடல்நலச் சான்று இது.

இரண்டாவது அளவுகோல் அணையைப் பார்ப்பதே இல்லை. அணை உடைந்தால், அல்லது பெருவெள்ளத்தைத் திறந்துவிட்டால், கீழே எத்தனை உயிர் போகும், எவ்வளவு சொத்து அழியும், எந்தெந்த மருத்துவமனை, மின்நிலையம், பாலம், கோயில், காடு பாதிக்கப்படும் என்று பார்க்கிறது. மத்திய நீர் ஆணையம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பாதிப்புகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டி அணைகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கச் சொல்கிறது. நான்காம் வகுப்பில்தான் ஆபத்து அதிகம். நேற்றுக் கட்டிய, ஒரு கீறலும் இல்லாத அணை நான்காம் வகுப்பில் இருக்கலாம். காட்டுக்குள் யாருமில்லாத பள்ளத்தாக்கில் சிதைந்து கிடக்கும் தடுப்பு முதல் வகுப்பில் இருக்கலாம். ‘அதிக ஆபத்து வகுப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் அணை ஆட்டம் கண்டிருக்கிறது என்று பதறுவது தவறு. ‘அணை பலமாக இருக்கிறது’ என்ற அறிவிப்பைக் கேட்டு நிம்மதி அடைவதும் அதே தவறுதான்.

இந்தக் குழப்பத்துக்கு நம்மிடம் உள்ள பெரிய உதாரணம் முல்லைப் பெரியாறு. 1895 முதல் நிற்கும் சுண்ணாம்பு–சுர்க்கி அணை. அதன் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு மதுரைச் சீமை வயல்களுக்குப் போகிறது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012இல், வெள்ளம், கட்டுமான உறுதி, நிலநடுக்கம் ஆகிய மூன்று வகையிலும் அணை பாதுகாப்பானது என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் வாதம் முழுவதும் முதல் அளவுகோலில் நிற்கிறது: அணை உறுதியாக இருக்கிறது, பலப்படுத்தியிருக்கிறோம். கேரளத்தின் அச்சம் இரண்டாவது அளவுகோலிலிருந்து பிறக்கிறது: கீழே முப்பது லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு தராசில் நிறுத்துக்கொண்டு எடை பொருந்தவில்லை என்று பல பத்தாண்டுகளாகச் சண்டை நடக்கிறது. அணை பலமாக இருக்கிறது என்று நிரூபிப்பதால் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை குறையாது; கீழே கூட்டம் இருக்கிறது என்பதால் அணை பலவீனமாகிவிடாது. அணைக்கு நேர் கீழே வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களில் கணிசமானோர் தமிழர்கள் என்பதை மேடைப் பேச்சுகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

கேரளத்தின் வற்புறுத்தலால் பெரியாற்றின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது 1979இல். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு–2 அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. கட்டி ஏழே ஆண்டான அணை அது. விநாடிக்கு சுமார் 2 லட்சம் கன அடி வெள்ளத்தை வெளியேற்றுமாறு வடிவமைத்திருந்தார்கள். வந்த வெள்ளம் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பற்றி இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. ஆயிரக்கணக்கில் என்று சொல்லலாம். இந்தியாவில் அணை என்றால் சுவரின் உறுதி என்றிருந்த நினைப்பை உபரிநீர்ப் போக்கியின் அகலத்தின் பக்கம் திருப்பியது மோர்பி.

1985இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஐ.எஸ். 11223 விதி அந்தத் திருப்பத்தின் பலன்களில் ஒன்று. ஓர் அணை எந்த அளவு வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்று அது வகுத்தது. சிறிய அணைக்கு நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம். நடுத்தர அணைக்கு அதைவிடக் கடுமையான ‘நிலையான திட்ட வெள்ளம்’. பெரிய அணைக்கு, அந்த ஆற்றில் வரச் சாத்தியமுள்ள உச்சபட்ச வெள்ளம். சிறியது பெரியது என்று பிரித்தது எதை வைத்து? தேங்கும் தண்ணீரின் அளவையும் உயரத்தையும் முதன்மையாக வைத்து. 60 மில்லியன் கன மீட்டருக்கு மேல் தேக்கினால் பெரியது. சாத்தனூரின் 7,321 மில்லியன் கன அடி 207 மில்லியன் கன மீட்டர் ஆகிறது. சந்தேகமில்லாமல் பெரிய அணை. வீடூர் 17 மில்லியன் கன மீட்டர், நடுத்தரம். கீழே ஊர் இருந்தால் கூடுதல் கவனம் எடுக்கலாம் என்று விதி சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அட்டவணையில் உட்கார்ந்திருப்பது தண்ணீர்தான், மனிதர்கள் அல்ல.

அளவை வைத்து ஆபத்தை எடைபோடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து கெல்லி பார்ன்ஸ் அணையைப் பார்க்கலாம். சிறு நீர்மின் நிலையம் ஒன்றுக்காக 1899இல் மரச்சட்டங்களும் கல்லுமாகத் தொடங்கி, பிறகு மண் அணையாக வளர்த்தெடுக்கப்பட்டது. 1957இல் மின் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு அந்த ஏரி படகு விடுவதற்கும் பார்த்து ரசிப்பதற்கும்தான். 1977 நவம்பர் 6 அதிகாலையில், அதற்கு முன் பெய்த மழையால் அணை உடைந்து கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். அன்று வெளியேறிய தண்ணீர் வீடூர் அணையின் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தொடர்ந்து அதிபர் கார்ட்டர் நாடெங்கும் மத்திய அரசுக்குச் சொந்தமல்லாத அணைகளை ஆய்வு செய்ய உத்தரவிட்டார். ஒரே ஓர் உயிர் போக வாய்ப்பிருந்தாலும் அந்த அணை ‘ஹை ஹசார்ட்’ வகுப்பு என்பதே இன்றைய அமெரிக்க நடைமுறை.

பழைய நீர்மின் அணைகளுக்கென்று ஒரு தனி நோய் உண்டு. மின்சாரம் விற்று வரும் பணம் இருக்கும்வரை பராமரிப்பு நடக்கும். எந்திரம் பழசாகி வருமானம் வற்றியபின்னும் அணை நிற்கும், தண்ணீரும் நிற்கும், செலவழிக்க ஆள் இருக்காது. மிச்சிகனில் 1924இல் கட்டப்பட்ட ஈடன்வில் அணை இதற்குச் சாட்சி. உபரிநீர்ப் போக்கி போதாது என்று ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுக்கணக்கில் சொல்லியும் உரிமையாளர் கேட்கவில்லை. 2018இல் மின் உற்பத்தி உரிமம் பறிக்கப்பட்டது. அதோடு மத்திய அமைப்பின் கண்காணிப்பும் போய், அணை மாநிலத்தின் கைக்கு வந்தது. மாநிலம் அதன் நிலைக்குக் கொடுத்த மதிப்பீடு ‘பரவாயில்லை’ என்ற ரகம். 2020 மே 19 அன்று அணை உடைந்தது. தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்ததால் உடைந்ததல்ல. ஈரம் ஊறிய மண்கரை திடீரெனக் குழம்பாக இளகிச் சரிந்தது. எல்லோரும் பயந்த குறை ஒன்று, அணையைச் சாய்த்த குறை வேறொன்று. அப்படியும் ஓர் உயிர்கூடப் போகவில்லை, ஏனென்றால் சுமார் பத்தாயிரம் பேரை முன்னதாகவே வெளியேற்றியிருந்தார்கள். அணையின் நிலையைக் கணித்தவர்கள் தோற்ற இடத்தில், கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தது காப்பாற்றியது.

தமிழ்நாட்டில் அந்த நோய் இந்த வடிவில் இல்லை. பைக்காரா, குந்தா போன்றவற்றில் மின்வாரியமும் மேட்டூர், சாத்தனூர் போன்றவற்றில் நீர்வளத் துறையும் அரசின் கைகள்தான். நமக்கு உள்ளது வேறு சிக்கல். ஒரே அணைக்கு எதிரெதிரான வேலைகள். பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்துக்கு அது காலியாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியான டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையை அதன் முழு மட்டமான 119 அடிக்கு அருகே நிறைத்து வைப்பது நிர்வாகத்துக்குச் சாதனை. கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். ஒரு டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) இடம் காலியாக இருந்திருந்தால், அந்த உச்ச வேகத்து வெள்ளத்தை நூறு நிமிடம் நிறுத்தி வைத்திருக்கலாம். அணைக்கு மேலேயுள்ள ஊத்தங்கரையில் அந்த ஒரு நாளில் கொட்டிய 50 சென்டிமீட்டர் மழைக்கு நூறு நிமிடம் விடை ஆகாது. ஆனால் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளையும் மாட்டையும் மேட்டுக்குக் கொண்டுபோக நூறு நிமிடம் கொஞ்சமல்ல.

முதல் அளவுகோலில் நமக்குள்ள பலவீனத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அது பெரும்பாலும் ஷட்டரில் இருக்கிறது. சாத்தனூருக்கு மேலே, அதே தென்பெண்ணையில், கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் ஒன்று 2017 நவம்பரில் உடைந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துப் போயின. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஒரு ஷட்டர் பெயர்ந்தது. 2024 ஆகஸ்டில் கர்நாடகத்தின் துங்கபத்திராவில் 19ஆம் ஷட்டரின் சங்கிலி அறுந்தது. நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. கலிங்குக்குத் திறக்க ஆள் வேண்டாம். மட்டம் ஏறினால் தண்ணீர் தானே வழியும். கலிங்குக் கல்மேல் மண்ணையும் புல்லையும் வைத்து உயரம் கூட்டினால் மேலூருக்கும் கீழூருக்கும் வாய்த்தகராறு வரும். கீழூர்க்காரர்களுக்கு அந்த உயரத்தைப் பற்றிப் பேச உரிமை இருந்தது என்பதற்கு அந்தத் தகராறே சான்று. ஷட்டர் வைத்த அணையில் முடிவெடுப்பவர் ஒரு பொறியாளர், அவருக்கு வழிகாட்டுவது எழுதி வைத்த ஓர் இயக்க விதி. அந்த விதியைக் கீழூர் பார்த்ததில்லை.

2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தைத் தொடுகிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமான எல்லா அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் சிக்குபவையும் சட்டத்துக்குள் வருகின்றன. ஆபத்து வகுப்பு நிர்ணயிக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை ஆய்வு வேண்டும், ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு ஐந்து ஆண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும். சட்டப்படியான உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத் தண்டனைகூட உண்டு. இந்த மசோதாவைத் தமிழ்நாடு எதிர்த்தது. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கும் கேரள எல்லைக்குள் இருந்தாலும் தமிழ்நாட்டின் பராமரிப்பில் உள்ளவை. அவற்றின் மீதான பிடி போய்விடும் என்பது கவலை. மாநில உரிமை என்ற வகையில் அந்தக் கவலையில் பொருள் இருந்தது. ஆனால் நான்கு அணைகளைப் பற்றிய சட்டமாகவே நாம் அதைப் படித்துமுடித்தோம். தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட மற்ற அணைகளுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் என்ன தர வேண்டும் என்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை. சட்டத்தின் உயர வரம்புக்குள் பெரும்பாலான ஏரிகள் வருவதே இல்லை என்பதையும் கேட்கவில்லை. கெல்லி பார்ன்ஸ் அளவுத் தண்ணீர் ஒரு சாதாரணப் பெரிய ஏரியில் நிற்கும்.

வகுப்பு என்பது ஒருமுறை கொடுத்து முடிக்கிற பட்டமும் அல்ல. அணை அசையாமல் அப்படியே நிற்க, கீழே உள்ள நிலம் மாறுகிறது. சாத்தனூர் கட்டப்பட்டபோது தென்பெண்ணைக் கரையில் வயலும் தோப்பும் இருந்த இடங்களில் இன்று மனைப்பிரிவு, பள்ளி, பெட்ரோல் பங்க். ஆற்றின் குறுக்கே புதிது புதிதாகப் பாலங்கள். தளவானூரில் 25 கோடி ரூபாயில் 2020இல் கட்டிய தடுப்பணை மறு ஆண்டே இருமுறை உடைந்ததை விழுப்புரத்துக்காரர்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு புதுக் கட்டடமும் சாத்தனூரின் மதிப்பெண்ணைக் கொஞ்சம் ஏற்றுகிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு அந்த மதிப்பெண் தெரியாது. அணையின் மதிப்பெண்ணைப் போடும் பொறியாளருக்கு மனைப்பிரிவு வந்தது தெரியாது. ஐந்து எச்சரிக்கை போனதா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எச்சரிக்கையின் மொழி. விநாடிக்கு இத்தனை லட்சம் கன அடி என்று வாட்ஸ்அப்பில் வந்தால் கரையோரக் குடும்பம் என்ன செய்யும்? அந்த அளவு வந்தால் தண்ணீர் எந்தத் தெருவரை ஏறும், எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்று சொல்லும் வெள்ள வரைபடம்தான் அவசரகாலச் செயல்திட்டத்தின் உயிர். அது ஆட்சியர் அலுவலக அலமாரிக்கு உரியதல்ல. ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும், கிராம சபையில் ஆண்டுக்கொரு முறை படிக்கப்பட வேண்டும். சட்டம் பேரிடர் மேலாண்மை அமைப்புகளோடு கலந்து பேசச் சொல்கிறது. கிராம சபையை அது குறிப்பிடவில்லை.

வீடூரில் இந்த வேலை இன்னும் சிக்கலானது. சாத்தனூருக்குக் கீழே ஊர்கள் மூழ்கிய அதே புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விழுந்தது அத்தனையும் வழிந்து வந்தால் 34 சதுர கிலோமீட்டர் நிலத்து மழையே வீடூரை நிரப்பிவிடும். சங்கராபரணியின் நீர்ப்பிடிப்பு அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே பெருமழையில் வீடூர் வெள்ளத்தைத் தேக்கும் அணையாக இருப்பதில்லை, கடத்திவிடும் அணையாகத்தான் இருக்கிறது. கடத்திய தண்ணீர் சில மணி நேரத்தில் மாநில எல்லையைத் தாண்டிவிடுகிறது. வீடூர்ப் பாசனம் பெறும் 3,200 ஏக்கரில் 2,200 தமிழ்நாட்டில், 1,000 புதுச்சேரியில் என்று பங்கு பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கு அப்படி எழுதி வைத்த பங்கு இல்லை. வீடூரின் ஆபத்து வகுப்பைக் கணிக்கும்போது மண்ணாடிப்பட்டு, வில்லியனூர்க் கொம்யூன் ஊர்களின் தலைகளையும் எண்ண வேண்டும். அவற்றின் நிர்வாகமோ விழுப்புரம் ஆட்சியரின் கையில் இல்லை. இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தில் கோடு போட்டால்தான் அந்தச் செயல்திட்டம் முழுமையாகும். அதற்குச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டு 2026 டிசம்பரோடு முடிகிறது.